பயிற்சித் தாளைக் கொடுக்கும் முன் எங்களை ஒரு கேள்வி கேளுங்கள்

முழங்கால் வலிக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். 11 ஆண்டுகளாக எனக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி உண்டு. வலக்காலில் சற்றுக் கூடுதல். இதில் முதல் நான்கு ஆண்டுகள், எனக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட பயிற்சிகளில் ஒன்றைக்கூட நான் தொடர்ந்து செய்யவில்லை. அதற்குச் சோம்பல் காரணமில்லை, மறதியும் காரணமில்லை. செய்தால் முழங்கால் மேலும் கெட்டுவிடும் என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அத்தனை ஆண்டுகள் அதை யாரும் ஏன் அறியாமலே இருந்தார்கள், ஒருவர் கேட்டறிந்த பின் என்ன மாறியது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சொன்ன பயிற்சியை நோயாளிகள் செய்வதில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

முதல் ஆலோசனை எனக்கு இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே தெரிந்த மெல்லிய கருங்கோட்டைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். “பாருங்கள், தேய்ந்துவிட்டது. இந்தப் பக்கம் எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்துவிட்டது. வயதானால் வருவதுதான். எடையைக் குறையுங்கள், படியேறுவதைக் குறையுங்கள், இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள்” என்று சொல்லி, ஐந்து கோட்டுப் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். அக்கறையோடுதான் சொன்னார். அந்தத் தாளை எக்ஸ்ரே உறைக்குள்ளேயே மடித்து வைத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்தபோது, மடிப்பு விழுந்த இடம் மட்டும் பழுப்பேறியிருந்தது. மற்றபடி அது புதிய தாளாகவே இருந்தது.

அவர் சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். முழங்கால் தேய்ந்திருக்கிறது. தேய்வது உராய்வதால். உராய்வது அசைவதால். ஆகவே அசைவைக் குறைத்தால் மிச்சமிருப்பது இன்னும் சில காலம் தாங்கும். இந்த வழிமுறையில் எந்தப் படியிலும் பிழை இல்லை. தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட தகவலில்தான் பிழை. அதே மூச்சில் அவர் “பயிற்சி செய்யுங்கள்” என்றும் சொன்னபோது, முன்னே சொன்னதும் பின்னே சொன்னதும் ஒன்றோடொன்று மோதின. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும் என்ற நிலையில், என் கண்ணால் பார்த்த படத்தை நம்பினேன். என்னைப் போன்ற பலரும் அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள். அதை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொடுத்த தகவலைக் கொண்டு நாங்கள் ஒழுங்காகத்தான் சிந்திக்கிறோம்.

“தேய்மானம்” என்ற சொல்லைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் நம்பிக்கைகளில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்து முளைப்பவை. தேய்வது செருப்பு, தேய்வது சக்கரம், தேய்வது கதவின் கீல். பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்து, ஒரு நாள் தூக்கிப் போட வேண்டிய பொருள்களுக்கு உரிய சொல் அது. மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்போ உயிருள்ள திசு. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. காலில் எடை விழும்போது அழுந்தியும் எடை நீங்கும்போது விரிந்தும்தான் மூட்டுத் திரவத்திலிருந்து தனக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெறுகிறது. அளவான சுமையும் அசைவும் அதற்குச் சோறு தண்ணீர் போல. அதற்குள் நரம்புகளும் இல்லை. எனவே நாங்கள் உணரும் வலி குருத்தெலும்பில் எழுவதில்லை. அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உறை, அந்த உறையின் உட்புறச் சவ்வு, சுற்றியுள்ள தசைநார்கள் ஆகியவற்றிலிருந்தும், நெடுநாள் வலியால் கூர்மையேறிப்போன நரம்பு மண்டலத்திலிருந்தும் அது வருகிறது. இவையெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். எங்களிடமோ யாரும் சொன்னதில்லை. நாங்கள் காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு: “எனக்கு ஜவ்வு முழுக்கப் போய்விட்டதாம்”, “மூட்டில் கிரீஸ் வற்றிவிட்டதாம்”, “இருக்கிற கொஞ்சத்தையும் நடந்து நடந்து தீர்த்துவிடக் கூடாதாம்”.

எக்ஸ்ரேயில் தெரிவதும் வலியும் பல நேரங்களில் பொருந்துவதில்லை என்பதையும் நான் வெகு தாமதமாகத்தான் அறிந்தேன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில், 50 வயதைக் கடந்தவர்களும் எக்ஸ்ரேயில் மூட்டுவாதத்தின், அதாவது தேய்மானம் என்று எங்களிடம் சொல்லப்படும் நோயின், அடையாளம் ஏதும் இல்லாதவர்களுமான 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் 89 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மாற்றம் காணப்பட்டது. முழங்கால் வலி இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்ற இரு தரப்பிலும் அந்த அளவு ஏறத்தாழ அதேதான். இந்த ஒரு செய்தியை அந்த முதல் நாளிலேயே கேட்டிருந்தால், பேனா முனை தொட்ட அந்தக் கருங்கோடு என் கனவில் வந்திருக்காது. பொழுதுபோக்காக ஓடுபவர்களைப் பற்றிய 2017-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்றும் உண்டு: அவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுவாதம் இருந்தவர்கள் 3.5 விழுக்காடு, ஓடாதவர்களில் 10.2 விழுக்காடு, போட்டிகளுக்காக ஓடுபவர்களில் 13.3 விழுக்காடு. மூட்டு கெட்டவர்கள் ஓடுவதை நிறுத்தியிருக்கலாம் என்பதால் இதை வைத்து ஓட்டமே மூட்டைக் காத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பயன்படுத்தினாலே தேயும் என்ற கணக்கு இந்த எண்களோடு ஒத்துப்போகவில்லை என்பது உறுதி.

ஓய்வு எனக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். முதலில் மாடிப்படியை விட்டேன். பிறகு நடையைக் குறைத்தேன். “அம்மா, நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்து வருகிறேன்” என்று என் மகள் அன்போடு சொல்லும்போதெல்லாம் உட்கார்ந்தேன். இரண்டாம் ஆண்டின் முடிவில், நாற்காலியின் இரு கைகளிலும் உள்ளங்கையை ஊன்றாமல் என்னால் எழ முடியவில்லை. வலது தொடை இடது தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. முழங்காலில் வீக்கமும் வலியும் இருக்கும்போது தொடையின் முன்புறத் தசைக்குச் செல்லும் கட்டளையை உடல் தானாகவே மட்டுப்படுத்துகிறது என்பதும், அதனால் தசை இளைக்கும்போது மூட்டின்மேல் விழும் அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாமல் போகிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தேய்மானம் கூடிவிட்டது என்று எண்ணினேன். எண்ணியதால் இன்னும் ஓய்வெடுத்தேன். என் நம்பிக்கையே நோயை வளர்த்து, வளர்ந்த நோயையே தனக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுவாதம் உள்ளவர்கள் பயிற்சியைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்பதை, 21 மருத்துவச் சோதனைகளோடு, நோயாளிகளின் வாய்மொழியைப் பதிவு செய்த 12 ஆய்வுகளையும் சேர்த்து வைத்து ஆராய்ந்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்டது. அதில் வெளிப்பட்ட மனநிலை எனக்கு அப்படியே பழகிய ஒன்று. வலிக்கு எது காரணம் என்பதில் குழப்பம். காரணமே இல்லாமல் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைவதைக் கண்டு திகைப்பு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லாததால், கெடுத்துக்கொள்வோமோ என்று அஞ்சி எல்லாவற்றையுமே விட்டுவிடுவது. உலகில் முழங்கால் மூட்டுவாதத்தோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 36.5 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேரின் பயிற்சித் தாள் என்னுடையதைப் போல உறைக்குள் உறங்குகிறதோ என்று நினைக்கும்போது மனம் தாங்கவில்லை.

அந்த நம்பிக்கைகளில் எல்லாவற்றுக்கும் வேராக இருப்பது, வலித்தால் உள்ளே ஏதோ சேதமாகிறது என்பது. சூடு பட்டால் கையை எடுக்கிறோம், முள் குத்தினால் காலை எடுக்கிறோம். பிறந்ததிலிருந்து உடல் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் பாடம் இதுதான். நாள்பட்ட வலியில் மட்டும் அந்தப் பாடம் பொய்த்துப்போகிறது என்பதை ஒரு மனிதர் தாமாகவே கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் வலி சற்றுக் கூடலாம், தொடர்ந்து செய்தால் தணியும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே கூறுகிறது. எனக்கு அது சொல்லப்படவில்லை. முதல் ஆண்டில் மூன்று நாள் மட்டும் காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் இரவு வலி கூடியது. என் கணக்கு சரி என்று நிரூபணமாகிவிட்டதாக எண்ணி அன்றே நிறுத்தினேன்.

இன்னொரு நம்பிக்கையை நாங்கள் உங்கள் முன் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். மாத்திரை, ஊசி, அறுவை இவைதான் வைத்தியம். பயிற்சி எழுதிக்கொடுத்தால் மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்று பொருள். உங்களில் சிலர் தாளை நீட்டும் விதமும் இதற்குக் காரணம். மருந்துச் சீட்டை எழுதும்போது வேளை, அளவு, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறீர்கள். பயிற்சித் தாளை மட்டும், எழுந்து போகும் நேரத்தில், “இதையும் செய்யுங்கள்” என்று கொடுக்கிறீர்கள். அந்த “இதையும்” என்பதிலுள்ள “உம்” எங்கள் காதில் நன்றாகவே விழுகிறது. 156 நோயாளிகளைக் கொண்டு ஸ்டீராய்டு ஊசியையும் இயன்முறை மருத்துவத்தையும் ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2020-ல் வந்தபோது, ஓராண்டு கழித்து வலி குறைவாகவும் இயக்கம் நன்றாகவும் இருந்தது இயன்முறை மருத்துவம் பெற்றவர்களுக்குத்தான். ஆர்த்ராஸ்கோபி எனப்படும் நுண்துளைச் சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலிச் சிகிச்சையோடு 180 பேரிடம் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டுச் சோதனையில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்கள் எந்தக் கட்டத்திலும் மேம்பட்டு நிற்கவில்லை. இவற்றை எங்களுக்குச் சொல்லுங்கள். பயிற்சி கடைசிப் பட்சம் இல்லை, முதல் மருத்துவம் என்பதை உங்கள் வாயால் கேட்டால்தான் நாங்கள் நம்புவோம்.

வீட்டு வேலையே போதிய பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. வலி போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. எப்படியும் ஒரு நாள் மூட்டு மாற்ற வேண்டியதுதான், அதுவரை எதற்கு இந்தச் சிரமம் என்று விட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கணக்கு இருக்கும். எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுப்பதால் எந்தக் கணக்கும் திருந்தாது.

நான்காம் ஆண்டின் இறுதியில் ஓர் இளம் இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவர் என் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் என்னிடம் கேட்டது இதுதான்: “நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்ந்தால், உங்கள் முழங்காலுக்குள் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?” அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “மிச்சமிருக்கும் ஜவ்வும் அரைபட்டுப் போகும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நான் சொன்னதை அப்படியே தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “அரைபடுவது எப்படித் தெரிகிறது?” என்று கேட்டார். சத்தம் கேட்கிறது என்றேன். என் உள்ளங்கையை என் முழங்கால் சில்லின்மேல் வைத்து, காலை மெல்ல மடக்கி நீட்டச் சொன்னார். மணலைக் கையில் வைத்து நெரிப்பது போலக் கரகரவென்று அதிர்ந்தது. பிறகு அதே கையை எடுத்துத் தம் முழங்காலின்மேல் வைத்து, தாமும் மடக்கி நீட்டினார். அங்கும் அதே கரகரப்பு. அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வலி என்பதே இல்லை. வலியற்ற முழங்கால்களிலும் இந்தச் சத்தம் சாதாரணமாகக் கேட்கக்கூடியது, சத்தத்தை மட்டும் வைத்துச் சேதத்தை அளக்க முடியாது என்று அதன் பிறகுதான் விளக்கினார். நான்கு ஆண்டுப் பயத்தில் பெரும்பகுதி அந்த அரை நிமிடத்தில் இறங்கிவிட்டது.

வகுப்பறையில் ஒரு பிள்ளை தவறான விடை எழுதினால், சரியான விடையைப் பலகையில் பத்து முறை எழுதிப் போட்டாலும் பயனில்லை. “இதை எப்படிப் போட்டாய், சொல்” என்று கேட்டால்தான், எந்த இடத்தில் எதை எதுவாக எடுத்துக்கொண்டது என்பது தெரியும். பல ஆண்டுகள் நான் பிள்ளைகளுக்குச் செய்ததை, எனக்குச் செய்தவர் அவர்தான்.

அன்று அவர் நாற்காலியில் இரண்டு மெத்தைத் துண்டுகளை அடுக்கி உயரமாக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். ஐந்தாவது முறை எழும்போது தொடை வெடவெடத்தது. எட்டோடு நிறுத்தினார். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்: பயிற்சியின்போது 5 வரை போகலாம், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும், திரும்பாவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தத் தேவையில்லை. மறுநாள் காலை என் வலி 4. முன்பாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பேன். மாலையில் அது 2-க்கு இறங்கியதைக் குறிப்பேட்டில் எழுதினேன். மூன்று மாதங்களில் மெத்தைத் துண்டுகள் இரண்டும் கீழே இறங்கின.

எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்: முழங்கால் திடீரெனச் சிவந்து சூடேறி வீங்கினால், காய்ச்சலும் சேர்ந்தால், மூட்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டால், அடிபட்டுக் காலை ஊன்றவே முடியாமல் போனால், பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த எல்லை தெரிந்த பிறகுதான், எல்லைக்கு உட்பட்ட வலியோடு துணிந்து அசைய முடிந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் வலி போய்விடவில்லை; மழைக்கு முன் மேகம் கூடுவது போலச் சில வாரங்களில் அது கூடத்தான் செய்கிறது. பயிற்சியைப் பற்றி உங்களில் சிலர் மிகையாகச் சொல்வதும் எங்களுக்குக் கெடுதலே. 2015-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வில், 44 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 100 புள்ளி அளவுகோலில் பயிற்சியால் வலி குறைந்தது ஏறக்குறைய 12 புள்ளி. இயக்கத் திறன் கூடியது 10 புள்ளி. நான் முன்னே சொன்ன 2018 மதிப்பாய்வில் வலி குறைந்தது 6 விழுக்காடுதான். ஆறே வாரத்தில் வலி பறந்துவிடும் என்று கேட்டு வந்தவர் ஏழாவது வாரம் ஏமாந்து நிறுத்திவிடுவார். 12 புள்ளி என்று சொல்லுங்கள். கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் படியேறலாம், கடை நாற்காலியிலிருந்து பிறர் கை கொடுக்காமல் எழலாம், விட்டால் பலனும் மெல்ல விட்டுப்போகும் என்று சொல்லுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது போதும். பயிற்சி செய்தும் தாளாத வலி உள்ளவர்களுக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சை பெரும் பயன் தருகிறது. அதை 100 பேரிடம் சோதித்த 2015-ஆம் ஆண்டு ஆய்விலும் அறுவை செய்துகொண்டவர்களே கூடுதல் நலம் கண்டார்கள். ஆனால் அதே ஆய்வில், பயிற்சியை உள்ளடக்கிய மருத்துவம் மட்டும் பெற்ற 50 பேரில் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான். மற்றவர்களும் ஓரளவு நலம் கண்டு அந்த ஆண்டைக் கடந்தார்கள். இரண்டு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ளும் திறன் எங்களுக்கு உண்டு.

உங்களுக்கு நேரமில்லை என்பதை அறிவேன். கூடத்தில் நாற்பது பேர் காத்திருக்கும்போது நம்பிக்கைகளை விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். என்னிடம் அந்த இளையவர் கேட்டது ஒரே கேள்வி. நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது பத்து நொடி. மருத்துவமனைகளை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: டென்மார்க்கில் மூட்டுவாதம் உள்ளவர்களுக்காக 2013 முதல் நடக்கும் திட்டத்தில், பயிற்சி வகுப்புகளோடு, நோயைப் பற்றி விளக்குவதற்கென்றே இரண்டு அமர்வுகளை ஒதுக்கியிருக்கிறார்கள். நோயாளிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பேசினால் ஒருவருக்குச் சொல்வது பத்துப் பேருக்குச் சேரும். வீட்டாரையும் உள்ளே அழையுங்கள். என் மகளுக்கும் அந்த விளக்கம் கிடைத்த பிறகுதான், “உட்காருங்கள் அம்மா” என்பது “வாருங்கள் அம்மா, தெருமுனை வரை போய் வரலாம்” என்று மாறியது.

சொற்களிலும் சற்றுக் கவனம் வையுங்கள். “தேய்ந்துவிட்டது” என்பதற்குப் பதிலாக “மூட்டில் மாற்றங்கள் இருக்கின்றன, உங்கள் வயதில் வலியே இல்லாத பலருக்கும் இவை இருக்கும்” என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. “எலும்போடு எலும்பு உரசுகிறது” என்பதை அறவே விட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட எவரும் அன்று மாலை நடக்கப் போக மாட்டார்.

கடைசியாக, நீங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் அந்தத் தாளைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஐந்து படங்களுக்கு மேலே இரண்டு வரி இடம் விடுங்கள். “இதைச் செய்தால் உங்கள் முழங்காலுக்குள் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டு, வரும் பதிலை நோயாளி சொன்ன சொற்களிலேயே அங்கே எழுதுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது, பயிற்சி செய்தீர்களா என்று கேட்கும் முன் அந்த இரண்டு வரிகளை அவருக்குப் படித்துக் காட்டி, இன்றும் அப்படித்தான் நினைக்கிறீர்களா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
முழங்கால் வலியோடு 11-ஆம் ஆண்டில் இருக்கும், நாள்தோறும் பயிற்சி செய்யும் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை